புங்கம்பூக் கொப்பைப் பிடித்துக்கொண்டிருந்த மகனுக்கு

அன்புள்ள மகனே,

'இங்கு யாவரும் சுகம், அதுபோல உன் சுகத்துக்கு எழுதவும்' என்றுதான் காகிதத்தைத் தொடங்க வேண்டுமாம். அடுக்களையிலிருந்து உன் அம்மா சொல்லி அனுப்புகிறாள். முதல் பாதி பொய். இரண்டாம் பாதியை எழுதி எழுதி எனக்குக் கை சலித்துவிட்டது. பம்பாயில் கப்பல் ஏறுகிற அன்று நீ போட்ட கார்டு வந்தது. அதற்கப்புறம் பஸ்ராவிலிருந்து ஒரு கோடு இல்லை. சண்டை நடக்கிற ஊரில் தபாலைப் பார்க்க எவனுக்கு நேரம் இருக்கும் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் நம்பவில்லை. நான் சொல்லி அவள் நம்பியதெல்லாம் கல்யாணம் ஆன புதிதில்தான். அதன் பலனை இன்றுவரை அனுபவிக்கிறாள்.

ஆகவே சுகம் விசாரிப்பதைத் தள்ளி வைத்துவிட்டு நேரே சங்கதிக்கு வருகிறேன். இருட்டறை அலமாரியின் மேல்தட்டில், கறுப்புத் துணியில் சுற்றி ஒரு மரச்சட்டம் இருக்கிறது. அதற்குள் ஒரு கண்ணாடித் தகடு. அந்தத் தகட்டில் நீ இருக்கிறாய். இன்னும் அதை மருந்தில் போட்டுக் கழுவவில்லை. கழுவக் கூடாது என்கிறாள் உன் அம்மா. கழுவாமல் வைத்திருந்தாலோ, இந்தச் சித்திரை வெக்கையில் தகட்டின் மேல் பூசிய பூச்சு நாளுக்கு நாள் புகைந்துகொண்டே போய், கடைசியில் நீ இருந்த இடமே தெரியாமல் ஆகிவிடும். உன்னுடைய படம் என்று இந்த வீட்டில் வேறொன்று கிடையாது. போட்டோ பிடிக்கிறவன் வீட்டில் பிள்ளைக்கு ஒரு படம் இல்லை என்று பாளையங்கோட்டை முழுக்கச் சிரிக்கிறது. நானும் கூடச் சேர்ந்து சிரிக்கிறேன். தனியாகச் சிரிக்கவிட்டால் மரியாதைக் குறைவு.

உன் கூட இருக்கிற பட்டாளத்துக் குமாஸ்தாக்கள் யாராவது 'உன் அப்பா யார்' என்று கேட்டால், போட்டோ பிடிக்கிறவர் என்று சொல்லி அத்தோடு நிறுத்திக்கொள். யாரைப் பிடிக்கிறவர் என்று சொல்லாதே. நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். உயிரோடு இருக்கும்போது படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்று ஓடுவார்கள். ஆயுள் முடிந்த மறு நிமிஷம், ஐயோ ஒரு படம் இல்லையே என்று எனக்கு ஆள் விடுவார்கள். குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, நாற்காலியில் உட்காரவைத்து, சுற்றிலும் குடும்பம் நின்று எடுக்கிற அந்த ஒரு படத்தில்தான் என் பிழைப்பே ஓடுகிறது. காமிரா முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினால் போதும், 'எங்கன கிளம்பிட்டிய?' என்று எவனும் கேட்பதில்லை. 'என்ன அண்ணாச்சி, யாரு?' என்றுதான் கேட்பான். ஒருநாள் அல்வாக் கடைக்காரரிடம், 'யாருமில்ல வே, தேனீயப் படம் பிடிக்கப் போறேன்' என்றேன். மனுஷன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, 'அடடா, எப்ப?' என்றார்.

என் வாடிக்கைக்காரர்களைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். இமைக்க மாட்டார்கள், இரும மாட்டார்கள், மீசை சரியாக இருக்கிறதா என்று காமிரா மூடியைத் திறந்த பிறகு கேட்க மாட்டார்கள். உயிரோடு வருகிற ஒன்றிரண்டு பேர்தான் என் பிராணனை வாங்குவார்கள். அவர்கள் தலைக்குப் பின்னால் இரும்புக் கவையை முட்டுக்கொடுத்து, 'ஆடாதீங்க, அசையாதீங்க, மூச்ச விடாதீங்க' என்று கத்திக் கத்தி என் தொண்டையே போய்விட்டது. அப்படியும் ஆடுவார்கள். தாலுகா கச்சேரி குமாஸ்தா ஒருவர் அவர் படத்தில் மூன்று மூக்கோடு இருக்கிறார். மூன்றும் அவருடையதுதான், சண்டை போட ஒன்றுமில்லை.

நம் தகட்டுச் சட்டத்தின் அமைப்பு உனக்குத் தெரியும். முன்பக்கம் ஒரு தகடு, பின்பக்கம் ஒரு தகடு, இரண்டும் முதுகோடு முதுகாக உட்கார்ந்திருக்கும். துக்க வீட்டுக்கு ஒரு தகடு போதும், மற்றது மிச்சம். துக்க வீட்டிலிருந்து வருகிறவர்கள் ஆற்றில் முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். நாம் கிறிஸ்துவ வேதக்காரர்கள், நமக்குத் தீட்டு கிடையாது என்று உபதேசியார் சொல்லியிருக்கிறார். ஆனாலும் எனக்கு நேரே வீட்டுக்கு வர மனசு வருவதில்லை. ஆற்றங்கரையில் இறங்கி ஒரு பூவைத் தேடுவேன். மிச்சமிருக்கிற தகட்டில் உயிரோடு இருக்கிற எதையாவது பிடித்துக்கொண்டு போக வேண்டும் போலிருக்கும். அப்படித்தான் எனக்கு இந்தப் பூச்சிப் பைத்தியம் பிடித்தது. பங்குனி வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். வேம்பு, மா, புங்கம் எல்லாம் ஒரே மூச்சில் பூத்துவிடும். கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, பின்புறத்தை ஊருக்குக் காட்டிக்கொண்டு, புதருக்கு முன்னால் நான் குனிந்து நிற்பதைப் பற்றி என்னென்ன பேசினார்கள் என்பது உனக்கும் காதில் விழுந்திருக்கும். புதையல் எடுக்கிறேன் என்று சொன்னவர்கள்தான் கொஞ்சம் மரியாதை உள்ளவர்கள்.

பூச்சியைப் பெரிதாக எடுக்க வேண்டுமானால் காமிராவின் துருத்தியை நீள இழுக்க வேண்டும். இழுக்க இழுக்க உள்ளே வெளிச்சம் குறையும். வெளிச்சம் குறைந்தால் மூடியைத் திறந்து வைக்கிற நேரம் கூடும். பூச்சிக்கு அதெல்லாம் தெரியுமா? ஒண்ணு, ரெண்டு என்று நான் எண்ணி முடிப்பதற்குள் அது அடுத்த பூவுக்குப் போயிருக்கும். எத்தனையோ தகடுகளில் பூ மட்டும் இருக்கும், பூச்சி இருந்த இடத்தில் ஒரு புகை இருக்கும். பூவில் சர்க்கரைப் பாகு தடவிப் பார்த்தேன்; ஊரிலுள்ள எறும்பெல்லாம் வந்து எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போயின.

ஒரே ஒரு தடவை மட்டும் ஜெயித்தேன். வெள்ளைப் பூ ஒன்றில் ஒரு தேனீ தலையை உள்ளே விட்டபடி அப்படியே இருந்தது. நான் முக்காலியை நகர்த்தினேன், இருந்தது. துருத்தியை இழுத்தேன், இருந்தது. என்ன பொறுமை, என்ன மரியாதை, உயிரோடு வருகிற வாடிக்கைக்காரர்களுக்கு வாய்க்காத குணம் என்று மெச்சிக்கொண்டு நிதானமாக எண்ணி மூடினேன். கழுவிப் பார்த்தால் காலில் ஒட்டியிருந்த மகரந்தம்கூடத் துல்லியமாக விழுந்திருந்தது. பெரிதாக அச்சடித்து முன்வாசல் கண்ணாடிப் பெட்டியில் மாட்டினேன். நீதான் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, 'எப்பா, இதோட கழுத்துல என்னமோ இருக்கு' என்றாய். பூவின் நிறத்திலேயே ஒரு சிலந்தி. தேனீயின் கழுத்தைக் கவ்விப் பிடித்திருந்தது. நான் படம் எடுக்கும்போதே அது செத்துப்போயிருக்கிறது. அல்வாக் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, 'பூச்சியிலயும் அதேதானா அண்ணாச்சி?' என்று கேட்டார். அன்றைக்கு நீ சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. தகப்பன் என்ற முறையில் இதிலிருந்து உனக்கு ஒரு புத்தி சொல்லலாம் என்று பார்க்கிறேன்: வேலை செய்கிற இடத்தில் எவனாவது எந்நேரமும் ஆடாமல் அசையாமல் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தால், அவனைப் பொறாமையோடு பார்க்காதே. கிட்டே போய் அவன் கழுத்தைப் பார்.

நீ பட்டாளத்துக் குமாஸ்தாவாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து நின்ற அன்று, போகிறவர்கள் எல்லாரும் படம் எடுத்து வைத்துவிட்டுப் போகிறார்களே என்று நான்தான் பேச்சை எடுத்தேன். உன் அம்மா அரிவாள்மணையிலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லை.

'உங்க காமிரா இதுவரைக்கும் பாத்த மூஞ்சியெல்லாம் இப்ப எங்கன கிடக்கு? எம்பிள்ளைய அது பாக்க வேண்டாம்.'

'உபதேசியார் வீட்டுக் கல்யாணத்தையுந்தான் எடுத்தேன்.'

'அந்த மாப்பிள்ளை இப்ப எப்படி இருக்காரு?'

மாப்பிள்ளை அடுத்த வருஷமே காமாலையில் போய்விட்டிருந்தார்.

நீ ரயில் ஏறுவதற்கு முந்தின நாள் சீவலப்பேரியிலிருந்து ஆள் வந்தது. பெரிய நிலக்கார வீடு, பெரியவர் போய்விட்டார். 'நாளைக்கு ரயில் ஏறுத பிள்ளைய இன்னைக்குச் செத்த வீட்டுக்கா கூட்டிட்டுப் போறிய?' என்று அம்மா வாசலை மறித்தாள். 'அப்பாவுக்கு இடுப்புப் பிடிச்சிருக்கும்மா, முக்காலிய யாரு தூக்குவா?' என்று சொல்லிவிட்டு நீயே வண்டியில் ஏறிக்கொண்டாய். அந்த வீட்டில் நடந்த கூத்தை நீயும் பார்த்தாய். பாகத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பிள்ளைகள், நாற்காலிக்கு அந்தப் பக்கம் ஒருத்தர், இந்தப் பக்கம் ஒருத்தர். பெரியவன் என் காதருகே வந்து, 'அண்ணாச்சி, அப்பா கை என் தோள்ல இருக்கணும்' என்றான். சின்னவன் மறு காதுக்கு வந்து அதையே சொன்னான். கடைசியில் இரண்டு பேரையும் தரையில் உட்காரவைத்து, இரண்டு கையையும் இரண்டு தோளிலும் வைத்துக் கட்டினோம். வாய்க்கட்டை அவிழ்த்ததும் பெரியவருக்கு நாடி தொங்கி வாய் திறந்துகொண்டது. எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கையில் நீ உன் தோள்துண்டை எடுத்துச் சின்னதாக மடித்துக் கொடுத்தாய். அதை நாடிக்குக் கீழே வைத்து மேலே அங்கவஸ்திரத்தைப் போட்டு மறைத்தார்கள். 'கொஞ்சம் பொறுத்துக்கோங்க தாத்தா' என்று யாருக்கும் கேட்காதபடி நீ சொன்னாய். எனக்குக் கேட்டது. இத்தனை வருஷத் தொழிலில் நான் அவர்களிடம் பேச நினைத்ததே கிடையாது. படம் எடுத்து முடித்ததும் அவசர அவசரமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். துண்டும் அவரோடேயே போயிற்று, திரும்பி வரவில்லை.

திரும்புகிற வழியில் ஆற்றங்கரையில் அந்தப் புங்கமரம். பூ உதிர்ந்து தரையெல்லாம் பொரி கொட்டியதுபோல் கிடந்தது. தலைக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு கொப்பு, அதில் ஒரு கருவண்டு. வண்டியை நிறுத்தச் சொன்னேன். காற்றில் கொப்பு ஆடியது.

'கையால பிடிலே.'

'எங்கன?'

'பூவுக்குப் பக்கத்துல. இன்னும் பக்கத்துல வா. மூஞ்சியக் கொஞ்சம் இப்படித் திருப்பு.'

'வண்டுக்கு எதுக்குப்பா எம்மூஞ்சி?'

'அது பயப்படாம இருக்கும்.'

'அம்மாகிட்ட இதச் சொல்லுவியளா?'

'எதச் சொல்ல? நான் வண்டத்தான் எடுக்கேன். நடுவுல வந்து நிக்கவன் யாருன்னு எனக்கென்ன தெரியும்?'

நீ சிரித்தாய். நான் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டேன். காமிராவின் பின்கண்ணாடியில் நீ தலைகீழாக, நிஜ முகத்துக்குக் கொஞ்சம்தான் சின்னதாக, பூவுக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தாய். வளர்ந்த மகனின் முகத்தை ஒரு தகப்பன் அவ்வளவு கிட்டத்தில், வெட்கப்படாமல், வேண்டிய மட்டும் பார்ப்பதற்கு வேறு வழி ஏது? நாடியில் சவரக்கத்தி பட்ட காயம், இடது புருவத்தில் மயிர் முளைக்காத இடம். வண்டைத்தான் பார்க்கிறேன் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தாய். தகட்டை உள்ளே தள்ளிவிட்டு வெளியே வந்து மூடியில் கையை வைத்தேன்.

'எப்பா, எறும்பு.'

'அசையாதலே.'

'கழுத்துல ஏறிட்டுப்பா.'

'மூச்ச விடாத. ஒண்ணு...'

அப்போது என் கண் வண்டின் மேல் இருந்தது. உன்னைப் பார்க்கவில்லை. மூடியை நான் மூடினதுதான் தாமதம், சட்டையைக் கழற்றி உதறிக்கொண்டு ஆற்று மணலில் நீ ஆடின ஆட்டம் இருக்கிறதே, வண்டிமாடு மிரண்டு எழுந்துவிட்டது. நாம் மூவரும் சிரித்தோம், வண்டிக்காரரையும் சேர்த்து. அந்த மணலில்தான் கடைசியாக நான் வாய்விட்டுச் சிரித்தது.

மறுநாள் உன்னை ரயிலேற்றிவிட்டு வந்து, சீவலப்பேரிக்காரர்கள் அவசரப்படுத்தினதால் முன்தகட்டை மட்டும் கழுவினேன். அம்மா வாசலில் நின்று சட்டத்தைப் பார்த்தாள்.

'மத்தப் பக்கம் என்ன?'

'கருவண்டு.'

'வேற?'

'புங்கம்பூ.'

'வேற?'

ஊர்க்கதையெல்லாம் என் வாயிலிருந்துதான் புறப்படுகிறது என்று உனக்குத் தெரியும். என் சொந்தக் கதையை மட்டும் நான் எப்படி அடக்குவேன்? சொல்லிவிட்டேன். அவள் கத்தவில்லை. சட்டத்தைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். 'செத்தவரோட முதுகோட முதுகா எம்பிள்ளைய வச்சுக் கொண்டாந்திருக்கிய' என்றாள். சட்டத்தை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, 'அவன் துண்டு எங்க?' என்று கேட்டாள். அதையும் சொன்னேன். 'கழுவாதீய' என்று அந்த ஒரு சொல்லோடு உள்ளே போய்விட்டாள். நான் சிரித்திருக்க வேண்டும். மூடநம்பிக்கையை வைத்து எத்தனை கேலி பேசியிருக்கிறேன்! ஆனால் சட்டத்தை எடுத்துக்கொண்டு இருட்டறைக்குள் போனால், அலமாரியில் தட்டுத் தட்டாக எத்தனை முகங்கள்! அத்தனையும் துல்லியம், அதில் ஒருவர்கூட இன்று இல்லை. உன்னை நான் துணியில் சுற்றி மேலே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

போன வாரம் கோட்டைக்கு அந்தப் பக்கத்திலிருந்து புருஷனும் பெண்சாதியுமாக இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் பிள்ளையும் பஸ்ராவுக்குப் போனவன்தான். தந்தி வந்துவிட்டது. பட்டாளத்தில் கூட்டமாக நின்று எடுத்த படம் ஒன்றை நீட்டினார்கள். அதில் அவன் முகம் புளியங்கொட்டை அளவு இருந்தது. அதைப் பெரிதாக்கித் தரக் கேட்டார்கள். அம்மா உள்வாசலில் வந்து நின்றாள். அந்தப் பெண் அழவில்லை. அம்மாவைப் பார்த்து, 'இந்த மட்டுக்காவது ஒண்ணு இருக்கே, யக்கா. மூஞ்சி மறந்து போவுது. எனக்கு இப்பவே கண்ணு மட்டுந்தான் ஞாபகத்துல நிக்கி' என்றாள். அம்மா அவளுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர்கள் போன பிறகு மேல்தட்டை ஒரு தடவை பார்த்தாள்.

நான் மட்டும் எனக்கு ஒரு சாக்குக் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். சித்திரைத் தண்ணீர் சூடு. இதில் கழுவினால் பூச்சு இளகிக் கண்ணாடியை விட்டே நழுவிவிடும். தண்ணீர் குளிரட்டும் என்று அம்மாவிடம் சொல்கிறேன். அவள் கேட்காதபோதும் சொல்கிறேன். உன்னிடம் கேட்க வந்ததும் இதைத்தான். அது உன் முகம். கழுவவா, அப்படியே விடவா? நீ சொல்கிறபடி செய்கிறேன். நீ பதில் எழுதி அது வந்து சேருவதற்குள் தகடு தாங்காது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன்.

மேற்கே மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது. புழுதி வாசனை வந்துவிட்டது. இந்தா, காகிதத்திலேயே ஒரு துளி. வற்றல் காய்கிறது என்று அம்மா கூப்பிடுகிறாள். மிச்சத்தை அப்புறம் எழுதுகிறேன்.

நல்ல மழை. முற்றத்தில் முழங்கால் அளவு ஓடியது என்று எழுத ஆசைதான், கணுக்கால் நனைந்தது. வற்றலை அள்ளி உள்ளே வைத்துவிட்டுத் திரும்பினால் அம்மா பித்தளைப் பானையைக் கூரைத் தண்ணீருக்கு வைத்துக்கொண்டு நனைந்தபடி நிற்கிறாள். நிரம்பினதும் இடுப்பில் எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து, 'இந்தாங்க. தண்ணி குளுந்திருக்கு' என்றாள்.

என் சாக்கைப் பானையோடு அவள் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். நான் இருட்டறைக்குள் போனேன். பின்னாலேயே அவளும் வந்து கதவைச் சாத்தினாள். கல்யாணம் ஆனதிலிருந்து அந்த அறைக்குள் அவள் கால் வைத்ததில்லை. சிவப்பு விளக்கில் அவள் முகம் எனக்குப் பழக்கமில்லாத முகமாக இருந்தது. துணியை அவிழ்த்தேன். தகட்டை மருந்துத் தட்டில் போட்டு ஆட்டினேன். முதலில் பூ வந்தது. 'ஏன் கறுப்பா வருது?' என்று பயந்தாள். 'வெள்ளையெல்லாம் கறுப்பாத்தான் வரும், அப்புறம் மாறும்' என்றேன். பிறகு உன் சட்டை. பிறகு கொப்பைப் பிடித்த கை. அதற்கு மேல் என்ன வருகிறது என்று அந்த வெளிச்சத்தில் எனக்கே புரியவில்லை. மருந்து மாற்றி, மழைத் தண்ணீரில் அலசி, வெளியே ஜன்னலுக்குக் கொண்டுவந்து, கறுப்புத் துணிமேல் தகட்டைச் சாய்த்துப் பிடித்தேன். அப்படிப் பிடித்தால் கறுப்பு வெளுப்பாகித் தெரியும்.

புங்கம்பூக் கொத்து ஒவ்வொரு இதழாக இருந்தது. உன் கட்டைவிரல் நகம் இருந்தது. வண்டின் முதுகு பளபளத்தது. இறகு இருந்த இடத்தில் புகை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வீச்சு, தண்ணீரை வாரி இறைத்ததுபோல. அதில் சிரிப்பு மட்டும் இரண்டு இடத்தில் தெரிந்தது.

'மூஞ்சி எங்க?' என்றாள்.

'எறும்பு கடிச்சுது. அசஞ்சுட்டான்' என்றேன். இருந்த ஒரே படத்தையும் கெடுத்துவிட்டேனே என்று இருந்தது.

அவள் தகட்டைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் சாய்த்து வெகுநேரம் பார்த்தாள். 'நிக்கல' என்றாள். பிறகு, 'கோயில்ல கண்ண மூடி ஜெபம் பண்ணும்போதே நிக்க மாட்டான். இதுல மட்டும் நிப்பானா? அவனேதான்' என்றாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நீ போன பிறகு அவள் சிரித்து நான் கேட்டது இதுதான் முதல் தடவை. அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று பக்கத்தில் நின்ற எனக்கே தெரியவில்லை.

நான் அலமாரியிலிருந்து சீவலப்பேரித் தகட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெரியவரின் நாடியில் இரண்டு நாள் மயிர்கூட எண்ணலாம் போலிருந்தது. அவர் தோளணைத்த பிள்ளைகள் இருவரும் மங்கலாக விழுந்திருந்தார்கள்; அப்பா கை அடுத்தவன் தோளில் அழுத்தமாக இருக்கிறதோ என்று மூடியைத் திறந்த நேரத்தில் இரண்டு பேரும் ஓரக்கண்ணால் திரும்பியிருக்கிறார்கள். எத்தனையோ வருஷமாக இந்த மங்கலைத்தான் தொழிலுக்குக் கேடு என்று நினைத்து, வந்தவர்களையெல்லாம் திட்டிக்கொண்டிருந்தேன். அம்மா உன் தகட்டை என் கையில் தரவில்லை. 'மத்தவகளோட வைக்காதீய' என்று சொல்லி, ஈரம் உலர்ந்ததும் மெல்லிய துணியில் சுற்றித் தன் டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டினாள். அச்சடித்துச் சுவரில் மாட்டலாமே என்றேன். வேண்டாமாம். சுவரில் மாட்டினால் அடுத்தது மாலைதான் கேட்கும் என்கிறாள். நான் இந்தத் தடவை கேலி பேசவில்லை.

உன்னிடம் கேட்ட கேள்விக்கு இனி நீ பதில் எழுத வேண்டியதில்லை. இன்றும் தபால்காரர் நம் வாசலைத் தாண்டித்தான் போனார். நான் கூப்பிட்டு நிறுத்தி மழையைப் பற்றிப் பேசி அனுப்பினேன். கூட இருக்கிற பையன்களோடு சேர்ந்து படம் எடுக்கிறோம் என்று யாராவது உன்னை அங்கே வரிசையில் நிறுத்தினால் நில். மேலதிகாரி நில் என்றாலும் நில், சம்பளம் கொடுக்கிறவன். நிற்க வேண்டிய நேரம் முடிந்ததும் ஒரு கணம்கூட அதிகமாக நிற்காதே. இது நான் சொல்கிற புத்தி என்று நீ எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தச் சிலந்தியைப் பார்த்த ஒருவன் சொல்கிறான் என்று எடுத்துக்கொள்.

'இங்கு யாவரும் சுகம்' என்று கடைசியிலாவது போடச் சொல்கிறாள் அம்மா. போட்டுவிட்டேன், பார்த்துக்கொள். உன் பக்கத்திலிருந்து நீ அதையெல்லாம் எழுத வேண்டாம். அங்கே வெயில், தண்ணீர், சண்டை எதைப் பற்றியும் எழுத விடமாட்டார்களாமே. ஒரு கார்டு, அதில் ஒரு வரி போதும். எறும்பு கடிக்கிறது என்று எழுது. எங்களுக்குப் புரியும்.

உன் அப்பா